உப்புத் தண்ணீரில் மிதந்த பந்து

கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் கோல்ஃப் பந்து மிதக்கும் என்பது, என் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வாசலுக்கு வெளியே நடைபாதையில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடி வீடுகளில் ஒரு வீட்டுச் சமையல் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, என் வீட்டுப் பக்கம் கை காட்டினார். அப்போதுதான் எனக்கும் கருகல் வாடை அடித்தது. குவளையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அடுப்பில் சாம்பார் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் என் கணவர் மனோகரன், சின்ன முக்காலியில் உட்கார்ந்து, என் பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. தீயுற வாடை தெரியலையா?”

“உஷ்... இங்க பாரு. திரும்புது பாரு.”

பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு வெள்ளைப் பந்து தலையை மட்டும் காட்டிக்கொண்டு மிதந்தது. அவர் அதை விரலால் சுற்றிவிட்டார். அது சுற்றியது, தயங்கியது, தள்ளாடியது, பிறகு ஒரு பக்கத்தை மேலே காட்டி நின்றது. அந்த இடத்தில் கறுப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மறுபடி சுற்றினார். புள்ளி மறுபடி மேலேயே வந்து நின்றது.

“பாத்தியா? ஒரு பக்கம் வெயிட் ஜாஸ்தி. உள்ளுக்குள்ளயே கோளாறு. இத வச்சு நான் என்னதான் அடிச்சாலும் எப்படி நேரா போகும்?”

நான் அடுப்பை அணைத்தேன். சாம்பார் போனால் போகிறது. ஆனால் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தேடிக்கொண்டிருந்த திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகம்.

மாதக் கணக்காக அவருடைய ஆட்டம் சரிந்துகொண்டே வந்தது. முன்பு கொடி வரைக்கும் பறந்த பந்து இப்போது பாதி வழியில் தொப்பென்று விழுந்தது. உடம்பில் ஏதோ சரியில்லை, டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்று நான் சொன்னேன். உடம்பில் ஒன்றுமில்லை, பந்தில்தான் சரியில்லை என்று அவர் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் நடந்த சண்டையெல்லாம் இந்த ஒரே சண்டைதான்.

இருப்பு கொள்ளாதவளும் பிடித்து வைத்த பிள்ளையாரும்

போன வாரப் பத்தியில், நாங்கள் கோல்ஃப் ஆடப் போன கதையைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்கள் பலரும் கேட்டது ஒன்றுதான்: “கோல்ஃபா? நீங்களா?” கேட்ட தொனியில் கொஞ்சம் சந்தேகமும் கொஞ்சம் பொறாமையும் இருந்தன. இரண்டுமே வேண்டாம். நாங்கள் ஆடியது வடக்கே இருக்கும் ஒரு சின்னப் பொது மைதானம். பாதி மைதானம்தான்; பதினெட்டு ‘ஹோல்’, அதாவது குழி, இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான். அங்கே பெரிய மனிதர்களைவிடக் குரங்குகள் அதிகம்.

நான் வேலை பார்த்தது துறைமுகத்தில். எந்தக் கன்டெய்னர் எந்தக் கன்டெய்னருக்கு மேல் உட்கார வேண்டும் என்று திரையில் நகர்த்திக்கொண்டே இருக்கிற வேலை. வேலையால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா தெரியாது, எனக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளாது. தியேட்டரில் நடுச் சீட்டுக் கிடைத்தால் எனக்கு அது தண்டனை. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டு, அடுத்த ஸ்டேஷன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் நேர் எதிர். பிடித்து வைத்த பிள்ளையார். விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் தலை நரைத்தவர். அவசரப்பட்டு ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் மின்விசிறி ஒருநாள் நின்றுபோனது. “புதுசு வாங்கிடலாம்” என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் என்னை உட்காரவைத்து, முதலில் பிளக்கை மாற்றினார். பிறகு வயரை மாற்றினார். பிறகு சுவிட்ச்.

“ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கணும், வசந்தி. எல்லாத்தையும் மாத்தின பிறகும் கோளாறு போகலன்னா, மாத்தாம மிச்சம் இருக்கிறதுதான் கோளாறு. எங்க ஹேங்கர்ல பிளேனுக்கும் இப்படித்தான்.”

மின்விசிறி ஓடியது. சாயங்காலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மகள் கல்யாணமாகிப் புக்கிட் பாத்தோக் போன பிறகு, வீட்டுக்குள் நான் நடந்த நடையைப் பார்த்துப் பயந்துதான் அவர் என்னைக் கோல்ஃபுக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு நடக்கக் கிடைத்தது. அவருக்கு நின்று நிதானமாகக் குறி பார்க்கக் கிடைத்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இருவருக்கும் ஒருசேரப் பிடித்துப்போன விஷயம் அது ஒன்றுதான் என்று மகள் கேலி செய்வாள்.

சேறு ஒட்டினால் துடைக்கக் கூடாது

பந்து சுத்தமாக இருந்தால் ஆட்டம் நன்றாக வருமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் முதலில் விளையாட்டாகத்தான் சண்டை போட்டோம்.

ஆடாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியாது. ஈரப் புல்லில் பந்து விழுந்தால் ஒரு பக்கம் சேறு அப்பிக்கொள்ளும். அதை எடுத்துத் துடைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் விதிப்படி துடைக்கக் கூடாது. கிடந்தது கிடந்தபடி, சேறோடு அடிக்க வேண்டும். குழியும் கொடியும் இருக்கிற வழுவழுப்பான புல்தரைக்கு, அதாவது கிரீனுக்கு, வந்து சேர்ந்த பிறகுதான் பந்தைக் கையில் எடுத்துத் துடைக்க அனுமதி.

என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சித்திரவதை கிடையாது. கண்ணெதிரே அழுக்கு, கையிலே துண்டு, தொடக் கூடாது! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டென்று அடித்துவிடுவேன். அவர் குனிந்து, சேறு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வலப்பக்கம் சேறு இருந்தால் பந்து இடப்பக்கம் வளையும் என்பார். அதற்கேற்பத் தள்ளிக் குறி வைப்பார். பல முறை அது சரியாகவும் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் ஆடியதெல்லாம் பொறுக்கிய பந்துகளில். யாரோ அடித்துத் தொலைத்துவிட்டுப் போனவை புதருக்குள் கிடக்கும். கீறல் விழுந்தது, மஞ்சள் பூத்தது, எவனோ தன் பெயரை எழுதி வைத்தது எல்லாம் என் பையில் உண்டு. அவருக்குப் புதுப் பந்துதான் வேண்டும். அதையும் முதல் அடிக்கு முன்னால் துடைத்துத்தான் வைப்பார்.

“நீங்க அடிக்கிற அடிக்கு, அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தொட்டில்ல போட்டாலும் அது மரத்துக்குத்தான் போகும்” என்பேன்.

“காடு பொறுக்கி வர்றவ பேசாதே லா” என்பார்.

அப்போதெல்லாம் சிரித்தோம்.

பித்தளைப் பொடியின் கைங்கரியம்

சிரிப்பு எப்போது நின்றது என்று தேதி சொல்ல முடியாது. அவர் அடிக்கும்போது வரும் சத்தம்தான் முதலில் மாறியது. முன்பு ‘டக்’ என்று கேட்ட அடி, ஈரத் துணியை உதறுவதுபோல் மந்தமாகக் கேட்டது. பந்து போன தூரம் குறைந்தது. அவர் பந்தைத் திரும்ப எடுத்து, வெயிலில் காட்டிப் பார்த்தார். “அழுக்கு” என்றார்.

அன்றிலிருந்து பந்துக் குளியல் ஆரம்பமானது. பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பந்தின் மேலுள்ள ஒவ்வொரு குழிக்குள்ளும் பிரஷ் போக வேண்டும். குளித்து முடித்த பந்துகள் என் இட்லித் துணியில் வரிசையாகக் காய்ந்தன.

அதோடு நிற்கவில்லை. எப்போது பார்த்தாலும் வலது கையில் ஒரு பந்தும் ஒரு மஞ்சள் துண்டும். டிவி பார்க்கும்போது துடைப்பார். எம்ஆர்டியில் துடைப்பார். மகள் வீட்டில் பேரன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதும் சட்டையில் பந்தைத் தேய்த்துக்கொண்டே கை தட்டாமல் நின்றார். கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருக்கும்போதும், மடியில் பந்து.

“அதைக் கொஞ்ச நேரம் கீழே வைங்களேன். பாக்கவே பதட்டமா இருக்கு” என்று கத்தினேன்.

“எனக்குப் பதட்டமே இல்ல. உனக்குத்தான்” என்றார். அது எங்கள் வீட்டில் எப்போதும் உண்மையாக இருந்த பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். புளியும் பித்தளைப் பொடியும் கையில் இருந்தன. இவ்வளவு துடைக்கிறாரே, நாமும் ஒரு கை கொடுப்போம் என்று அவருடைய பந்துகளையும் சேர்த்துப் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன். நன்றாகத்தான் வெளுத்தன. அவர் வந்து ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பளபளப்பெல்லாம் போய் மேல் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல்.

“வசந்தி, இது பந்தா, தேங்காயா?”

அதற்கப்புறம் சில வாரங்களுக்கு எல்லாப் பழியும் என் பித்தளைப் பொடிக்குத்தான். பந்து பாதியில் விழுந்தால் பித்தளைப் பொடி. மணலில் புதைந்தால் பித்தளைப் பொடி. வழக்கமாக இப்படிச் சொன்னால் நான் சும்மா விடுகிறவள் இல்லை. ஆனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும், என் பொடியால்தான் எல்லாம் என்று இருந்துவிடட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் புதுப் பெட்டி வாங்கினார். பொடி படாத பந்துகள். அவையும் பாதியில்தான் விழுந்தன.

பந்தா, ரகு?

எங்களோடு மூன்றாவதாக ஆட வருபவர் ரகு. கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலையாக வந்து ஃபேரர் பார்க் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார். பந்துகளைப் பற்றி அவர் படிக்காதது எதுவுமில்லை. உள்ளே எத்தனை அடுக்கு, மேல்தோல் எதனால் செய்தது என்று ஆரம்பித்தால் அடுத்த ஹோல் வந்தாலும் முடிக்க மாட்டார்.

வயதில் பெரியவர் ஒருவர் தப்பாக அடித்தால், எங்கள் கூட்டத்தில் யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. காற்றைச் சொல்வோம், மணலைச் சொல்வோம், நேற்றுப் பெய்த மழையைச் சொல்வோம். மரியாதை அப்படி. ரகுவும் தன் பங்குக்கு, “அங்கிள், பந்து கொஞ்சம் டல்லா இருக்குதுங்க. அதான்” என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தாயா, விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்ற பார்வை.

ஒருநாள் ஆட்டம் முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கை கழுவப் போயிருந்தார். ரகுவுக்கு முன்னால் தே தாரிக் டீ, நுரை அடங்காமல் இருந்தது.

“ரகு, உண்மையச் சொல்லுங்க. பந்தா?”

அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். “பந்து கீறலா இருந்தா கொஞ்சம் தூரம் குறையும் ஆன்ட்டி. சேறு இருந்தா வளையும். அதெல்லாம் நெசம்தானுங்க.”

“பாதிக்குப் பாதி குறையுமா?”

ரகு கழுவுமிடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“எங்கப்பா வயசு அவருக்கு. நான் என்னன்னு சொல்றது? அங்கிள் நடக்கறப்போ இடது கை வீசுது, வலது கை வீசறதே இல்லைங்க. எப்பவும் பாக்கெட்டுக்குள்ளயே இருக்கு. நீங்க கவனிச்சதில்லையா ஆன்ட்டி?”

நான் கவனித்ததில்லை. எப்படிக் கவனிப்பேன்? எங்கே போனாலும் நான்தான் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பேன்.

தேக்கா போன சனிக்கிழமை

உப்புத் தண்ணீர் யோசனையை என் வீட்டுக்காரர் எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை காய்கறி வாங்க லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் போனபோது, கூடவே கல்லுப்பும் வாங்க வேண்டும் என்றார்.

மளிகைக் கடைக்காரர் பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: “இவ்ளோ உப்பு எதுக்குண்ணே? கருவாடு போடப் போறீங்களா?”

“பந்து மிதக்க விடணும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பச்சை மிளகாயைப் பார்த்தேன்.

திரும்பி நடக்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். சனிக்கிழமைக் கூட்டம். லீவு கிடைத்த கட்டுமானத் தொழிலாளர்கள் போன் பேசிக்கொண்டு நடைபாதை முழுக்க நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் கணவரின் முதுகு போய்க்கொண்டிருந்தது. இடது கையில் உப்புப் பை ஆடியது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். துணிக்கு மேலே பந்தின் உருண்டை தெரிந்தது. அது உருண்டுகொண்டே இருந்தது. அவர் அடி எடுத்து வைப்பதும் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன். எனக்கும்தான் ஆகிறது, நான் இப்படியா நடக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன்.

பூக்கடை வந்தது. எங்களுக்குள் அது ஒரு வழக்கம். தேக்கா போனால் அவர் அந்தக் கடையில் நின்று, ஒரு முறை மூச்சை இழுத்து, “வாசனை ஆளை இழுக்குது லா” என்று சொல்லி எனக்கு ஒரு முழம் வாங்குவார். நான் தலையில் பூ வைப்பதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பை ஜிப்பில் கட்டிக்கொள்வேன். ஆனாலும் வாங்குவார்.

அன்று அவர் நிற்காமல் போனார். நானே ஒரு முழம் வாங்கி, ஓடிப் பிடித்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“எப்படி இருக்கு வாசனை?”

அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“இப்ப வர்ற பூவுல எங்க வாசனை இருக்கு? ஐஸ்ல வச்சுக் கொண்டாந்தா எல்லாம் போயிடும். பூவே சரியில்ல.”

என் மூக்குக்கு அந்தத் தெருவே மல்லிகையாக மணத்துக்கொண்டிருந்தது. பந்து சரியில்லை, இப்போது பூவும் சரியில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக, “வெயில்ல நிக்காம வாங்க, லேட்டாகுது” என்று சிடுசிடுத்துவிட்டு ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடந்தேன். எனக்குப் பயம் வந்தால் இப்படித்தான் வரும்.

தேறிய பந்து

அதற்கு மறுநாள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. சாம்பார் தீய்ந்தது, பந்து மிதந்தது.

பெட்டியிலிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுச் சோதித்தார். கடைசியாக ஒன்று, எப்படிச் சுற்றிவிட்டாலும் எந்தப் பக்கத்தையும் விசேஷமாக மேலே காட்டாமல், போன போக்கில் நின்றது. அதை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“இதுதான். இத வச்சு இன்னைக்கு அடிச்சுக் காட்டுறேன்.”

“அடிக்கலன்னா?”

“அடிப்பேன்.”

“அடிக்கலன்னா என்னோட டாக்டர்கிட்ட வருவீங்களா?”

அவர் பந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 

மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. நாலு மணிக்கு வெறித்தது. ரகு வந்து சேர்ந்தார். மழைக்குப் பயந்து மற்றவர்கள் யாரும் வராததால் மைதானமே எங்களுடையதுபோல் இருந்தது. வழி முழுக்க ஈரப் புல், சேறு. அவருடைய தேறிய பந்து எங்கும் பறக்கவில்லை. சேறு என்றார்.  ரகு தன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி ஹோலுக்கு வந்தோம். அது குட்டி ஹோல். நேரே எதிரில் மேட்டின் மேல் கிரீன், கொடி. ஒரே அடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் அடி என்பதால் பந்தைத் துடைத்து, சின்னக் குச்சியில் தூக்கி வைத்துத்தான் அடிப்போம். சேறு என்று சொல்ல அங்கே வழியில்லை.

ரகு அடித்தார். கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நான் என் பொறுக்கிய பந்தை, துடைக்கக்கூடச் செய்யாமல், பதட்டத்தில் சட்டென்று அடித்தேன். கிரீனின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் தேறிய பந்தைத் துடைத்தார். வைத்தார். நின்றார். அடித்தார்.

பாதி வழி.

 அவர் தானாகவே நடந்துபோய்ப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். துடைத்து என் முன்னால் வைத்தார்.

“வசந்தி, இத நீ அடி.”

“எதுக்குங்க?”

“அடி.”

எனக்குப் புரிந்துவிட்டது. மின்விசிறிக்குப் பிளக்கை மாற்றிய அதே முகம். தப்பாக அடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கை பழக்கத்தில் சரியாகவே அடித்துவிட்டது. தேறிய பந்து அழகாக எழும்பி, கொடியைத் தாண்டி விழுந்தது. எனக்கு அவ்வளவு நல்ல அடி அதற்கு முன் வாய்த்ததில்லை.

அவர் தலையாட்டினார். “ரகு, உங்க கிளப்பும் ஒரு பந்தும் குடுங்க.”

ரகு மட்டையையும் பந்தையும் நீட்டினார். “காத்து கொஞ்சம் எதிர்ல அடிக்குதுங்க அங்கிள்” என்றார். இலைகூட அசையவில்லை.

அவர் ரகுவின் கிளப்பால் ரகுவின் பந்தை அடித்தார். அதே மந்தமான சத்தம். அதே பாதி வழி. முதல் பந்து விழுந்த பள்ளத்துக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது.

அவர் கிளப்பை ரகுவிடம் திருப்பிக் கொடுத்தார். தேறிய பந்து கிரீனில் கிடந்தது. மஞ்சள் துண்டு புல்லின் மேல் கிடந்தது. அவர் கையில் எதுவும் இல்லை.

“பந்தை மாத்தியாச்சு. கிளப்பை மாத்தியாச்சு” என்றார். குரலில் கோபமில்லை, ஹேங்கரில் யாருக்கோ தகவல் சொல்கிற குரல். “மாத்துறதுக்கு வேற ஒண்ணும் இல்ல, வசந்தி.”

அப்போதுதான் பார்த்தேன். தொடையோரம் தொங்கிய அவருடைய வலது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி உருண்டுகொண்டிருந்தன. நடுவில் பந்து இல்லை, துண்டும் இல்லை. அவர் அதைப் பாக்கெட்டுக்குள் கொண்டுபோகவில்லை.

டிவி முன்னால், எம்ஆர்டியில், கோயில் பந்தியில் அவர் துடைத்துக்கொண்டே இருந்தது அழுக்குக்காக அல்ல, இந்த விரல்களை மறைக்கத்தான் என்று எனக்கு அங்கே நின்றபடி விளங்கியது.

ரகு பைகளைத் தூக்கிக்கொண்டார். “நான் முன்னாடி போய்க் கொடியப் பாக்கறேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினார்.

நான் மஞ்சள் துண்டை எடுத்து, அவர் கையை அதற்குள் வைத்து, விரல் விரலாகச் சேற்றைத் துடைத்தேன். துண்டுக்குள் அந்தக் கை ஒரு குருவிக்குஞ்சுபோல் படபடத்துக்கொண்டே இருந்தது. எங்கள் இருவரில் அவர்தான் அசையாதவர். என் கால்கள் அன்று எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றன என்று எனக்குத் தெரியாது.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டேன்.

“இருக்கு. கொஞ்ச நாளா.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா உடனே செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவே.”

சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேட்டுக்கு மேலே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில சாம்பார் தீஞ்சது எனக்கு நெஜமாவே தெரியல, வசந்தி.”

“பூ?”

“அதுவும்தான்” என்றார். “ரொம்ப நாளாச்சு. நேத்து நான் நின்னு வாங்கியிருக்கணும். கடைகிட்ட வந்தும் வாசனை வரலன்னதும் எனக்குப் பயம் வந்திடுச்சு.”

என் தோள் பையின் ஜிப்பில் முந்தின நாள் கட்டிய மல்லிகை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் மணத்தது. அதை அவரிடம் சொல்லாமல், துண்டோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தபடி, அவருடைய சின்ன அடிக்குச் சமமாக அடி வைத்து நானும் மேட்டில் ஏறினேன்.